அந்தப் பக்கம்

ஒரு பறவையைப் பார்ப்பதற்காக, ஒரு மலைச்சரிவுப் பெண்களை நாளெல்லாம் தண்ணீர் குடிக்கவிடாமல் செய்தவன் நான். முதலில் தெரியாமல் செய்தேன். பிறகு தெரிந்தே செய்தேன். நீங்கள் என்னை நிறுத்தி விசாரிக்க வேண்டியது அந்தப் ‘பிறகு’ என்ற இடத்தில்தான்.

எழுபதுகளின் நடுவில், மலாய் நாட்டு மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக இருந்தேன். அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிற வேலை. துரைக்குக் கீழே, மற்ற அனைவருக்கும் மேலே என்று தன்னைத்தானே நம்பிக்கொண்டு திரியும் பிராணிக்குக் கிராணி என்று பெயர்.

எனக்கு ஒரே ஒரு பைத்தியம்... பறவைகள். அலுவலகத்துக்கு எதிர்ச்சரிவின் உச்சியில், தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஒரு நெட்டை மரம் நின்றது. அதன் பொந்துக்கு ஓர் இருவாட்சி வந்துபோவதைக் கண்டேன். மலாய்க்காரர்கள் எங்காங் என்பார்கள். பெண் பறவை பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துக்கொள்ளும். ஒரு கீற்று இடைவெளி மட்டும் மிச்சம். ஆண் அதன் வழியே பழம் ஊட்டும். குஞ்சு வளரும்வரை இப்படித்தான்! புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும். பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கத்திலிருந்து வெறுங்கண்ணுக்கு அது ஒரு கரும்புள்ளி.

நீங்களும் முதல் தொலைநோக்கி வாங்கக் காசு சேர்ப்பவராக இருந்தால், என்னால் ஆன ஒரே நற்காரியமாக இதைச் சொல்லிவைக்கிறேன். எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று கேட்காதீர்கள். பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் ஒரு கடையில் ஒரு பிளாஸ்டிக் குழலை அறுபது மடங்கு என்று நீட்டினார்கள். பார்த்தேன். அறுபது மடங்கு பனியும், அறுபது மடங்கு என் கைநடுக்கமும் தெரிந்தன. மடங்கு குறைந்தாலும் முன்பக்கத்து வாய் அகலமாக இருக்கட்டும். இந்த மலையில் பஞ்சம் வெளிச்சத்துக்குத்தான். வாய் அகலமாயிருப்பது நற்குணமாகும் ஒரே இடமும் இதுதான். முக்காலிக்குக் காசு ஒதுக்காமல் குழலை வாங்காதீர்கள். உடம்பில் கீறல் இருந்தால் இருக்கட்டும், கண்ணாடியில் பூசணம் இருக்கக் கூடாது.

இத்தனை ஞானமும் பொருந்திய ஒரு பழைய குழல் ஈப்போவில் ஒரு கேமராக் கடையில் கிடைத்தது. என்னிடம் பாதி விலைதான் இருந்தது. மீதிப் பாதியை யாரிடம் கேட்பது? பாக்கியத்திடமா? என் மனைவி அப்போது பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு அட்டை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்!

துரையிடம் போனேன். அவர் நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! பாதியைத் தோட்டம் தரும் என்றார். ஆனால் கொழுந்து பறிப்பவர்களையும் அதில் கொஞ்சம் பார்த்துக்கொள், மனம்போல் உட்கார்ந்து விடுகிறார்கள் என்றார். சொல்லி முடிக்கும் முன்பே ‘யெஸ் சார்’ என்றேன்.

யாரைக் குறித்தும் நான் ஒரு சொல்கூடத் துரையிடம் சொன்னதில்லை. இதை ஒரு பெருமையாக வெகுகாலம் வைத்திருந்தேன். கண்ணருகே இருக்கும் பாதி என்னுடையது, சரிவை நோக்கிய பாதி தோட்டத்துடையது என்று எனக்குள்ளே ஒரு வேடிக்கையும் செய்துகொண்டேன். சரிவில் நின்றவர்களுக்குத் தெரிந்தது அந்த இரண்டாம் பாதி மட்டுமே என்பது... ஏன் எனக்கு உறைக்கவில்லை?

முக்காலியை அலுவலக மேட்டில் நிறுத்தினேன். பொந்து நேராகத் தெரிந்தது அந்த ஓரிடத்திலிருந்துதான். இரண்டாம் நாள், கூடையோடு அலுவலகம் வழியே போன அஞ்சலை நின்றாள். வாய்த்துடுக்கானவள், கங்காணியே அவளிடம் பார்த்துத்தான் பேசுவார்.

“கிராணி ஐயா, பெரிய பீரங்கியா வச்சிருக்கீங்க! எங்களையா பாக்கிறீங்க?”

பின்னால் வந்த பெண்கள் சிரித்தார்கள். பறவையை மட்டுந்தான் பார்க்கிறேன் என்று சொல்லலாமா? மாலைக்குள் துரையின் காதுக்குப் போய்விடும். தோட்டத்துப் பாதியைத் திருப்பிக் கேட்பார். ஆகவே காட்டோரத்தைக் கை காட்டி, அவர்கள் மனம் குளிரும்படி ஒரு பதில் சொன்னேன்.

“சேச்சே! உங்கள ஏம்மா பாக்கிறேன்? நான் எப்பவும் அந்தப் பக்கந்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்.”

சிரிப்பு சட்டென்று அறுந்தது. அஞ்சலை கூடைக் கயிற்றை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். என் பெருந்தன்மை அவர்களை வாயடைக்கச் செய்துவிட்டது என்று எண்ணினேன். ஆம், அப்படித்தான் எண்ணினேன்!

இரண்டு வாரம் கழிந்திருக்கும். ஒரு மாலை பாக்கியத்திடம் இருவாட்சியின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன். பெண் பறவை எவ்வளவு சுத்தம் தெரியுமா, அந்தக் கீற்றின் வழியே எச்சத்தைக்கூட வெளியே பீய்ச்சிவிடும் என்றேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தினாள்.

“அது ஒண்ணுக்குப் போறதக்கூட பாத்தாச்சு. பொம்பளைங்க போவாம இருக்கிறது மட்டும் ஒங்க கண்ணாடியில தெரியல.”

“என்ன சொல்றே?”

“அவங்ககிட்ட என்னா சொன்னீங்க? ‘அந்தப் பக்கம்’ பாக்கிறேன்னா? பொம்பளைங்க அந்தப் பக்கம் போறேன்னு சொன்னா என்னா அர்த்தம்னு தெரியாதா ஒங்களுக்கு? சரிவு முழுக்க ஏது கக்கூஸ்? அந்த மரத்துக்குக் கீழ இருக்கிற பள்ளந்தான். இப்ப ஒருத்திகூட அங்க போறதில்ல. காலையிலேருந்து தண்ணிய வாயில வைக்கிறதில்ல. பைப்படியில காறித் துப்புறாங்க லா, என் மூஞ்சிக்கு நேராவே.”

சிரித்துவிடாதீர்கள். முதலில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது... ஒரு சொல்லின் இரண்டு பொருள்! படித்தவனுக்கு எதிலும் முதலில் சிலேடைதான் கண்ணில் படும். அதன் பிறகுதான் அந்தப் பள்ளம்.

இதுவரை நடந்தது மடத்தனம். இனி வருவதுதான் குற்றம்.

முக்காலியைத் தூக்கி உள்ளே வைக்க எவ்வளவு நேரமாகும்? ஒரு வெற்றிலை மடிக்கும் நேரம். மறுநாள் காலை அதற்காகத்தான் போனேன். கடைசியாக ஒரு முறை என்று கண்ணை வைத்தேன். கீற்றுக்குள் தாயின் அலகுக்குக் கீழே, இன்னொரு சிறிய அலகு...

குஞ்சு!

வெளியே வரட்டும், பிறகு எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். எத்தனை நாகரிகமான முடிவு! பாக்கியம் கேட்டாள். நாளைக்கு என்றேன். மறுபடி கேட்டாள். நாளைக்கு என்றேன். மூன்றாம் முறை கேட்கவில்லை.

அடைபட்டிருந்த அந்தத் தாய்ப்பறவைக்காக நான் எத்தனை உருகினேன் தெரியுமா? குழலின் வட்டத்தில், அதற்குச் சற்றுக் கீழே, வெயிலில் குனிந்த தலைகள் தெரியும். மையத்தில் இல்லாததால் அவை மங்கலாகத் தெரியும். குழலைச் சற்றே உயர்த்திக்கொள்வேன்.

ஒரு காலையில் ஆண் பறவையை எதிர்பார்த்துக் காத்திருந்தபோது, வட்டத்தின் அடியில் ஒரு கூடை உருண்டது. அஞ்சலை. நான்கு பேர் சாக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கொதிக்கும் காய்ச்சல். நாட்கணக்கில் நீரை அடக்கியதில் சிறுநீரகம் வரை சீழ் ஏறிவிட்டது என்றார் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரஸர். லோரியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அன்று முக்காலியை எடுத்தேன். குஞ்சு வெளியே வந்ததை நான் பார்க்கவில்லை. இதை ஒரு தண்டனையாக உங்களிடம் நீட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அஞ்சலை பிழைத்தாள். கூடை சுமக்க மட்டும் அந்த இடுப்பு பிறகு இடங்கொடுக்கவில்லை. தேயிலை ஸ்டோரில் தூளிலிருந்து குப்பை பொறுக்கும் வேலை கொடுத்தார்கள். அதற்குச் சம்பளம் குறைவு. துரை என்னை ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடி வந்தபின் பெண்கள் நன்றாக வேலை செய்ததாக மட்டும் சொன்னார்.

போன வருடம் அவளைப் பார்த்தேன். ரிங்லெட் பஸ் நிலையத்தருகே கோசும் கீரையும் விற்றுக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது, வாய் மட்டும் நரைக்கவில்லை.

“யாரு, கிராணி ஐயாவா? பீரங்கி இன்னும் இருக்கா லா?”

தலையாட்டினேன். கீரைக்கட்டை நீட்டியவள் உடனே விடவில்லை.

“ரொம்ப நாளா கேக்கணும்னு... அந்தப் பக்கம் அப்பிடி என்னாதான் பாத்தீங்க?”

தங்களைப் பார்க்கவில்லை என்று அவள் தெரிந்துகொள்வது நல்லதா? ஒரு பறவைக்காகத்தான் இத்தனையும் என்று அறிவது அதைவிட நல்லதா? இப்படி அவளுக்காக யோசிப்பதுபோல் எனக்காக யோசித்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்களை விட்டுவிட்டு, அகப்பட்டதைச் சொன்னேன்.

“ஒண்ணுமில்ல அஞ்சல... பனிதான் தெரிஞ்சிச்சு.”

“பனியா?” கட்டை விட்டுவிட்டாள். “பனியப் பாக்கவா நாங்க...”

முடிக்கவில்லை. அடுத்து வந்தவருக்குக் கோசு நிறுக்கத் திரும்பிவிட்டாள்.

குழல் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. இந்த ஈரத்துக்குக் கண்ணாடியில் பூசணம் பிடிக்காதிருக்க அரிசி டின்னில் புதைத்து வைப்பது என் பழக்கம். எடுத்து நெடுநாளாகிறது. பாக்கியம் அதை வெளியே எறியவும் இல்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. நாள்தோறும் உலைக்கு அரிசி எடுக்கும்போது, அளக்கும் டப்பா அந்தக் குழலில் இடிக்கும் சத்தம் கேட்கிறது. அதைச் சுற்றி அள்ளிக்கொண்டு போகிறாள்.