சிவப்பியின் விலையும் ஞானையனின் துண்டும்

திருவட்டாற்றில் ஒரு பசு கத்தினால், அஞ்சுகிராமத்தில் உட்கார்ந்துகொண்டே ஞானையன் அதற்கு விலை சொல்லிவிடுவார். சரி, இது கொஞ்சம் கூடித்தான் போயிற்று. பசு கண்ணெதிரே நிற்க வேண்டும். பல்லைப் பார்த்து, மடியைத் தொட்டு, நாலு எட்டு நடக்க விட்டுப் பார்க்க வேண்டும். அதன் பிறகு அவர் மனதில் ஒரு விலை விழுந்தால், சந்தையில் மாடு அந்த விலைக்குத்தான் போகும். அவர் கணக்கு தப்பியதை யாரும் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் வெளியே சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கும் நாளைக்கு ஒரு மாடு விற்க வேண்டி வரும்.

மாட்டுத் தரகில் முப்பது வருடமாக இருக்கிறவர். மனதில் உள்ள விலையை முகத்தில் காட்டாத ஆள் என்று தன்னைப் பற்றி அவருக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையை மனைவி ஜெபகனி கெடுத்ததில்லை. உண்மை வேறு. ஏலத்தில் விலை ஏறி ஏறி மாட்டின் சரியான மதிப்பைத் தொட்டதும், அவர் கை தானாக எழும்பி இடது தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வலது தோளில் போடும். துண்டு மாறினால் வியாபாரிகள் வாயை மூடிக்கொள்வார்கள். சந்தை முழுக்கத் தெரிந்த விஷயம் இது. தெரியாதவர் துண்டுக்குச் சொந்தக்காரர் மட்டும்தான்.

இந்த வருடம் தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை நெருங்க நெருங்க ஜெபகனி வீட்டுக்கும் தொழுவத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். மகள் ஷைஜாவுக்கு நாகர்கோவிலில் பிரசவம் சிக்கலாகி, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒன்றும் தெரியாமல் நின்ற நேரத்தில், “ஆண்டவரே, தொழுத்தில நிக்குத சிவப்பிப் பசு உமக்கு” என்று அவள் நேர்ந்துவிட்டாள். தாயும் பிள்ளையும் பிழைத்து வீடு வந்தார்கள். வாயிலிருந்து வந்த வார்த்தையைத் திருப்பி எடுக்க முடியுமா? சிவப்பி போயாக வேண்டும்.

காணிக்கையாக வரும் கோழி, பூசணி, வாழைக்குலை எல்லாம் பண்டிகையன்று சபை முற்றத்தில் ஏலம் போகும். கொடுத்தவரே ஏலத்தில் கேட்டு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதில் தப்பில்லை, பலரும் செய்வதுதான். ஆனால் கறவைப் பசு என்றால் வெளி வியாபாரிகளும் வந்து நிற்பார்கள். அவர்கள் கையில் சிக்கினால் சிவப்பி கேரளத்துக்கு லாரி ஏறிவிடும்.

“நம்ம சிவப்பி எவ்வளவுக்குப் போவும்?” என்று கேட்டாள் ஜெபகனி.

“நாப்பத்திரெண்டு. அதுக்கு மேல குடுக்கவன் கிறுக்கன்.”

வீட்டில் ஐம்பதாயிரம் இருந்தது. போதும்தான். இருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாட்டைக் கண்டால் புகழ்ந்து பேசுவது தரகர்களின் பழக்கம். இந்த மனிதர் சொந்தப் பசுவையே கூட்டத்தில் புகழ்ந்து விலையை ஏற்றிவிட்டால்?

“கேட்டியளா, நாளைக்கு அங்கின வாயத் தொறக்கப்பிடாது. கையக் காலை ஆட்டப்பிடாது. தென்னைமரம் நிக்குத மாதிரி நிக்கணும். ஏலத்த நான் கேட்டுக்கிடுதேன்.”

“நான் என்ன சின்னப்பிள்ளையா?” என்றார் ஞானையன். ஆனால் சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் முற்றத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சபைச் செயலர் ஜேசுதாஸ் ஒரு சேவலை ஆயிரத்து நானூறுக்கு விற்றுவிட்டு, “சேவலுக்கே இந்த விலைன்னா பசுவுக்குப் பாத்துக்கிடுங்க” என்று சிரித்தார். ஜெபகனிக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டுக்கு வெளியே மாட்டு வியாபாரி கோலப்பனின் மினி லாரி நின்றது. அதில் வைக்கோல்கூட விரித்தாயிற்று.

சிவப்பியின் ஏலம் முப்பதாயிரத்தில் தொடங்கியது. நாற்பதில் மற்றவர்கள் கழன்றுகொண்டார்கள். ஜெபகனி நாற்பத்திரண்டு என்றாள். கோலப்பன் அவளையும் பார்க்கவில்லை, பசுவையும் பார்க்கவில்லை. எதிரே நின்ற ஞானையனின் தோளைப் பார்த்தார். துண்டு இடது தோளிலேயே கிடந்தது.

“நாப்பத்திமூணு,” என்றார் கோலப்பன்.

அப்போதுதான் ஜெபகனிக்கு உறைத்தது. அசையாதே என்றால் இந்த மனிதர் அப்படியே அசையாமல் நிற்கிறாரே. துண்டு மாறாதவரை பசுவுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறதென்று கோலப்பன் கேட்டுக்கொண்டே போவார். அவள் முந்தானையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிக் காட்டினாள். ஞானையன் இன்னும் விறைப்பாக நின்றார். தன் தோளைத் தட்டிக் காட்டினாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

நாற்பத்தாறு. நாற்பத்தெட்டு. சிவப்பி ஒன்றும் அறியாமல் யாரோ வைத்த பூசணியை நக்கிக்கொண்டு நின்றது. கோலப்பன் நாற்பத்தொன்பதரை என்றார்.

“அம்பது,” என்றாள் ஜெபகனி. அதற்கு மேல் அவளிடம் ஒரு ரூபாய் கிடையாது.

“அம்பதாயிரம், ஒரு தரம்,” என்றார் ஜேசுதாஸ்.

கோலப்பன் மறுபடியும் தோளைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். அந்த நொடியில் ஜெபகனி ஆண்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்து, புருஷன் தோளிலிருந்த துண்டை உருவி, வலது தோளில் அறைந்தாற்போல் போட்டாள். திறந்த வாய் மூடிக்கொண்டது. ரெண்டு தரம். மூணு தரம். சிவப்பி வீட்டுக்கு.

கோலப்பன் போகிற வழியில் ஞானையன் அருகில் நின்றார். “என்ன அண்ணாச்சி, இன்னைக்குத் துண்டு மாற இவ்வளவு நேரம். உம்ம துண்ட நம்பித்தான ஓய் நான் யாவாரம் பண்ணுதேன்.”

“துண்டா? என்ன துண்டு?” என்றார் ஞானையன்.

பேரப்பிள்ளையின் ஞானஸ்நான விருந்தில் ஊரார் கதையை இப்படித்தான் சொன்னார்கள். கூட்டத்தைப் பிளந்த இடம் வந்தபோது ஜெபகனி மறுக்கவில்லை. பாயசத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிள்ளையை மடியில் வைத்திருந்த ஷைஜாதான் குறுக்கே பேசினாள்.

“அம்மை இருந்த எடத்த விட்டு நகரவே இல்ல. கண்ண இறுக்க மூடிட்டு ஜெபம் பண்ணிட்டு நின்னா. நான் அம்மை பக்கத்துலதான் நின்னேன், அப்பா எதிர்ல. சிவப்பி போயிட்டுன்னு நெனச்சு அப்பா அழுதாரு. கண்ணத் தொடச்ச துண்ட மறந்துபோயி வலது தோள்ல போட்டுட்டாரு. அவ்வளவுதான்.”