ஏர்கோன் எங்கே என்று கேட்டவர்

சங்கத்து மலரைத் தொகுக்கும் தேவராஜ் கூப்பிட்டபோது நான் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக்கையோடு போனை எடுத்தேன். "மச்சான், சொக்கலிங்கம் அண்ணே போயிட்டாருலா. காலையிலதான். நம்ம சங்கத்து மலர்ல ஒரு பக்கம் போடணும், நீ எழுது" என்றார். நானா என்று கேட்டேன். "உன்னளவுக்கு அவரோட சண்ட போட்டவன் யாரு இருக்கா? உனக்குத்தான் அவர நல்லாத் தெரியும்" என்றார். தேவராஜுக்கு எதற்கும் இப்படி ஒரு நியாயம் கிடைத்துவிடும்.

ஆகவே எழுதுகிறேன். சங்கத்து நண்பர்களே, உங்களுக்குத் தெரிந்த சொக்கலிங்கம் கலகலப்பானவர், கல்யாண வீட்டில் பந்தி முடியும்வரை நிற்பவர், கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாதவர். எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். எனக்குத் தெரிந்தவர் வேறு ஆள். அவர் போய்விட்டார் என்பதற்காக என் கோபமும் கூடவே போய்விடவில்லை. அழுதேன் என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் நாங்கள் இருவரும் எக்ஸ்சேஞ்ச் விற்றோம். ஓர் அலுவலகத்துக்குள், ஒரு தோட்டத்துக்குள் ஆட்கள் தங்களுக்குள் போனில் பேசிக்கொள்ள வைக்கும் பெட்டி அது. நான் ஒரு கம்பெனி, அவர் போட்டிக் கம்பெனி. எங்களுடையது புதிய எலக்ட்ரானிக். அவருடையது, ஒவ்வொரு அழைப்புக்கும் உள்ளே இரும்புத் துண்டுகள் டக்டக்கென்று அடித்துக்கொள்ளும் பழைய வகை. எண்ணெய் விலை ஏறியிருந்த நேரம். போகிற இடமெல்லாம் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: இது எவ்வளவு கரண்ட் குடிக்கும்? அதற்காகவே இருவர் பையிலும் ஒரு தாள் இருக்கும். ஒரு பக்கம் நம் மெஷின், எதிர்ப்பக்கம் அடுத்தவன் மெஷின். என் தாளில் என்னுடையது அவருடையதில் பாதிதான் குடித்தது. அவர் தாளில் அவருடையது குடிக்கவே இல்லை என்று சொல்லிவிடலாம்.

அவருடைய குடும்பம் செட்டிநாட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக ஈப்போவில் கடை வைத்திருந்தது. வேலைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாதவர். பொழுது போகவில்லை என்று வந்து என் சோற்றில் கை வைத்தார் என்றுதான் அந்த நாளில் நினைத்தேன். என்னைவிட நாலே வயது மூத்தவர். ஆனால் "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டே ஆளைப் பொடியனாக்கிவிடுவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு "அண்ணே" என்பேன்.

ஆயர் தாவார் பக்கம் நான் பிறந்து வளர்ந்த தோட்டம் இருந்தது. ரப்பர் பால்மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டிருந்தார்கள். அங்கே எக்ஸ்சேஞ்ச் வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு வேறு எந்த வியாபாரமும் கண்ணில் படவில்லை. என் அம்மா இன்னும் அங்கேதான், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், இருந்தார். என் அப்பா முனுசாமிக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு. மொடாக்குடியன். கள்ளுக்கடை வாசலில் விழுந்து கிடந்தவரை நானும் அம்மாவும் எத்தனையோ முறை தூக்கி வந்திருக்கிறோம். அவர் செத்து ஆறு வருடம் ஆகியும் என்னை அங்கே மொடாக்குடியன் மகன் என்றுதான் சொன்னார்கள். கழுத்தில் டை கட்டிக்கொண்டு அந்த ஆபிசுக்குள் போய், இந்தத் தோட்டத்துக்குப் போன் போட்டவன் முனுசாமி மகன் என்று சொல்ல வைக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

தோட்டத்தை நடத்திய, தமிழ் தெரியாத துரை எங்கள் இருவரையும் ஒரே நாளில் வரச்சொன்னார். கணக்கு எழுதும் பெரிய கிராணி, ஆட்களை மேய்க்கும் மண்டோர்கள், டிரைவர் என்று ஒரு கூட்டமே ஆபிசில் நின்றது. அங்கே காலை பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்தினால் மாலை நாலுக்குத்தான் மறுபடி ஓடும். நடுவில் பேட்டரியை நம்பித்தான் எக்ஸ்சேஞ்ச் ஓட வேண்டும். நான் என் தாளைக் கொடுத்துப் பேசினேன், நன்றாகவே பேசினேன். துரை தலையாட்டினார். அப்போது சொக்கலிங்கம் என் தாளைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் புரட்டினார்.

"தம்பி, ஏர்கோன் எங்க?"

"என்ன ஏர்கோன்?"

"எலக்ட்ரானிக் சாமான் சூடு தாங்காதுல்ல. ரூமக் குளுகுளுன்னு வைக்க ஏர்கோன் போடணும்ல. ஜெனரேட்டர் நின்னா அது எதுல ஓடும்?" பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்: "மெஷின் குடிக்காதுன்னு தம்பி சொல்றாரு. சரி. ஆனா கூடவே ஒரு மொடாக்குடியனக் கூட்டிட்டு வருதே. அவன் குடிக்கிறது இந்தத் தாள்ல எங்க இருக்கு?"

பெரிய கிராணிதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். துரைக்கு விளங்கவில்லை, என்ன என்று கேட்டார். கிராணி அவர் காதில் ஏதோ சொல்ல, அவரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். ஆர்டர் சொக்கலிங்கத்துக்குப் போனது.

நான் லயத்துக்குப் போவதற்குள் செய்தி அங்கே போய்விட்டது. அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், நிமிரவில்லை. "என்னடா, ஆபிசுல உங்கப்பா பேச்சு வந்துச்சாமே. செத்தும் விடமாட்டானுங்க போல" என்றார். அந்த வாரமே அம்மாவை ஈப்போவுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் அந்தத் தோட்டத்துத் திருவிழாவுக்குக்கூடப் போகவில்லை. சொக்கலிங்கத்தை நல்ல மனிதர் என்று சொல்பவர்கள் என் அம்மாவிடம் போய் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு மூன்று வருடம் காத்திருந்தேன். கோலா கங்சாரில் ஒரு பெரிய அலுவலகத்துக்கு இருவரும் போனோம். அவருடைய பழைய வகை மெஷின் பேச்சு நடக்கும்போதுதான் கரண்டை இழுக்கும், சும்மா இருந்தால் தூங்கும். எலக்ட்ரானிக் எப்போதும் ஒரே அளவு. இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், வாங்குபவருக்குத்தான் தெரியாது. அவர் தன் தாளை நீட்டியதும், "அண்ணே, இது எப்ப அளந்தது?" என்று கேட்டேன். மழுப்புவார், பிடித்துக் கிழித்துவிடலாம் என்று தயாராக இருந்தேன். மனிதர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை. ஆபிஸ் லீவு, ஒருத்தரும் பேசல. அதான் இவ்வளவு கம்மி" என்றார். ஆர்டர் எனக்கு வந்தது. ஆனால் அந்த அதிகாரி எழுந்து கை குலுக்கியது அவரோடு. தோற்கும்போதுகூட என்னிடமிருந்து எதையாவது பிடுங்கிக்கொண்டு போகும் ஆள் அவர்.

எண்பதுகளின் நடுவில் அவர் வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் ஒரு நாள் ஈப்போ பழைய டவுன் காப்பிக்கடையில் எதிரே வந்து உட்கார்ந்தார். இடம் இல்லை, வேறு வழியில்லை. ஊர்க்கதை ஏதேதோ பேசினார். நான் நேராகக் கேட்டேன்: "எங்கப்பா பட்டப்பேரு தெரிஞ்சுதானே அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க?"

காப்பியைக் கீழே வைத்தார். "தெரியும். மொத நாளே கிராணி சொல்லிட்டாரு. ஆர்டர் கெடைக்கும்னு தெரிஞ்சுதான் சொன்னேன். தெரியாதுன்னு இப்ப சொல்லலாம், நீயும் சமாதானமாப் போயிடுவ. ஆனா அது பொய்."

மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. பதிலுக்கு அவர் கேட்டார்: "நான் சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு. ஏர்கோன் விட்டுப்போனது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது. தாள் வெளிநாட்டுலேர்ந்து வந்தது" என்றேன்.

அவர் காப்பிக்காசை மேசையில் வைத்தார். "சரிலா தம்பி" என்று எழுந்து போனார். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

சாவு வீட்டுக்குப் போனேன். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். பல பேர் என் கையைப் பிடித்து, பழைய பகையெல்லாம் மறந்து வந்தீர்களே என்றார்கள். நான் எதையும் மறக்கவில்லை. என் அம்மாவின் குனிந்த தலை இன்னும் கண்ணில் இருக்கிறது. அதற்காக இந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை, இனி மன்னிக்கவும் போவதில்லை. மலருக்கு இது பொருந்தாது என்றால் தேவராஜ் வெட்டிக்கொள்ளட்டும்.

ஆனால் அடுத்து எழுதுவதை மட்டும் வெட்ட வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்த தாளின் அடியில் ஒரு வரி இருந்தது, அறையைக் குளிர்விக்கும் மின்சாரம் தனி என்று. அதைப் பிரதி எடுக்க ஈப்போவில் ஸ்டென்சிலில் டைப் அடித்தது நான்தான். அந்த வரி வந்ததும் என் கை நின்றது. இது என் தோட்டம், இங்கே மட்டும் நான் தோற்கக்கூடாது என்று நினைத்தேன். அந்த வரியை விட்டுவிட்டுத் தாளை உருவினேன். இத்தனை வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. சொக்கலிங்கத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, காப்பிக்கடையில் அவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பொய் ஒன்றுதான். அதை இனியும் வைத்துக்கொள்ள முடியவில்லை.

அண்ணே, எனக்குத் தெரியும்.