தாரை வார்த்த கை

என் அப்பா என்னைப் பெற்றவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம்.

உலக யுத்த காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே வெள்ளைப் பட்டாளத்தின் முகாம் இருந்தது. அப்பாவுக்கு அங்கே குசினியில் சமையல் வேலை. அந்த வேலையை விட்ட பிறகும் அவர் கை அளவு மாறவில்லை. மூன்று பேருக்கு ஒரு பெரிய தேக்சா நிறையப் பருப்பு வேகும்.

"சண்ட முடிஞ்சு எத்தன வருசமாச்சு, இன்னும் யாருக்குங்க ஆக்குறீங்க?" என்று அம்மா திட்டுவாள்.

முகாம் சட்டங்களை அவர் நடித்துக் காட்டுவார். அதிகாரி சிப்பாய்களை வரிசையாக நிறுத்திப் பேசுவானாம்: பெண்களிடம் போனால் சீக்கு வரும், சீக்கு வந்தால் சம்பளம் வெட்டு, கல்யாணம் கட்ட மேலிடத்து அனுமதி வேண்டும். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அம்மா மட்டும் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவாள்.

ஏன் என்பதை என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவளே சொன்னாள். விறகு பொறுக்கப் போன இடத்தில் ஒரு சிப்பாய் அவளைப் பலாத்காரம் செய்திருக்கிறான். முறையிடப் போனவளிடம் பேச, தமிழும் கொஞ்சம் இங்கிலீசும் தெரிந்த குசினிக்காரரை அதிகாரி கூப்பிட்டான். இவளுக்குச் சீக்கு இருக்கிறதா என்று கேட்கச் சொன்னான்.

அப்பா கேட்டது வேறு. "ஒனக்கு என்னம்மா நடந்துச்சு?"

அம்மா அப்போதுதான் அழுதாளாம். சொன்னதை மட்டும் கேள் என்று அதிகாரி கத்தினான். அப்பா ஏப்ரனைக் கழற்றி அவன் மேசையில் போட்டுவிட்டு, அம்மாவை அவள் குடியிருந்த லயம் வரை கொண்டுவந்து விட்டார். சிப்பாயை வேறு முகாமுக்கு லொறி ஏற்றியதோடு சரி. சிப்பாயின் உடம்புக்குத்தான் அங்கே சட்டம் இருந்தது, அம்மாவுக்கு இல்லை. அவள் வயிற்றில் நான் இருக்கிறேன் என்று தெரிந்த பிறகுதான் அப்பா பெண் கேட்டு வந்தார்.

என்னைத் தாரை வார்க்கவென்றே அவர் லிந்துலைக் கடைத்தெருவுக்குப் போய்ப் புது வேட்டி வாங்கி, எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார். கல்யாணத்தன்று கோயிலில் என் கையைப் பிடிக்கப் போன நேரத்தில், நோர்வூட்டிலிருந்து வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா, யாரோ சொல்லி விஷயம் அறிந்தவர், குறுக்கே கையை நீட்டினார்.

"கோவிச்சுக்காதீங்க. பெத்தவருதான் தார வாக்கணும். இல்லாட்டி தாய்மாமன் வாக்கட்டும்."

அப்பா நீட்டிய கையைப் புது வேட்டியில் துடைத்துக்கொண்டு பின்வாங்கினார். எனக்கு உயிரே போய்விட்டது.

தகப்பன் கை பிடிக்க, தாய் நீர் ஊற்றுவதுதான் எங்கள் முறை. செம்பு அம்மாவிடம் இருந்தது. சபையில் வாய் திறந்தே அறியாதவள், அப்பாவின் கையைக் காட்டிச் சொன்னாள்.

"இந்தக் கையிலதாங்க ஊத்துவேன். வேற எந்தக் கையிலயும் ஊத்த மாட்டேன்."

மாப்பிள்ளை தன் கையை அப்பாவிடம் நீட்டினார். அப்பா எங்கள் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்தார். கொஞ்சம் ஊற்றினால் போதும் என்று ஐயர் சொன்னார். அம்மா செம்பு காலியாகும்வரை ஊற்றினாள்.