வரிசையம்மாவும் ஆயிரமாவது பார்சலும்

அலுவலகத்தில் அவளுக்கு வரிசையம்மா என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவளோ அதைப் பட்டம் போல வாங்கி வைத்துக்கொண்டாள். வீட்டில் கரண்டிகளை உயரப்படி அடுக்குகிறவள், சின்னச் சட்டைக்கு அப்புறம்தான் பெரிய சட்டை காய வேண்டும் என்று கணவனிடம் மல்லுக்கு நிற்கிறவள், வேலையிலும் அதையேதான் செய்தாள். எண்களை வரிசைப்படுத்தப் படிப்பில் சொல்லிக்கொடுத்த பழைய வழிமுறைகள் அத்தனையையும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் தன் கையால் எழுதி வைத்திருந்தாள். பக்கத்துப் பக்கத்து எண்களை ஒப்பிட்டு இடம் மாற்றுவது ஒன்று. பாதி பாதியாகப் பிரித்து அடுக்கிச் சேர்ப்பது இன்னொன்று. ஒரு எண்ணை நடுவில் நிறுத்தி, சிறியதை இந்தப் பக்கமும் பெரியதை அந்தப் பக்கமும் ஒதுக்குவதும் உண்டு. எல்லாம் நிறுவனத்தின் பொதுத் தொகுப்பில் இருந்தன. வேண்டியவர்கள் எடுத்துப் பயன்படுத்தலாம்.

"அந்த மொழியிலேயே வரிசைப்படுத்துற சார்ட் ரெடியா இருக்கே, எதுக்கு இவ்வளவு பாடு?" என்று யாராவது வாயைக் கொடுத்தால் போச்சு.

"ரெடியா இருக்கிறதைக் கூப்பிட மூளை எதுக்கு? விரல் போதுமே" என்பாள். கேட்டவர் அதோடு டீ குடிக்கப் போய்விடுவார்.

இப்படி ராஜாங்கம் நடத்திக்கொண்டிருந்தவள் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்தியும் இதே படிப்பு என்றதும், மேலாளரிடம் தானே பேசி அவளையும் அங்கே சேர்த்துவிட்டாள். ஒரே வீடு, ஒரே பஸ், இப்போது அடுத்தடுத்த நாற்காலி.

சின்னவள் கெட்டிக்காரி. பெரியவள் ஒரு பக்கத்துக்கு எழுதுவதை அவள் கால் பக்கத்தில் முடிப்பாள், அதுவும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு. அந்தக் கால் ஆடுவதைப் பார்த்தாலே பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மேலாளர் ஒருநாள் அவளிடமே வந்து, "உங்க ஓரகத்தி எழுதினா படிக்கவே சுகமா இருக்கும்மா" என்றார். அவள் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூச்சுவிடாமல் குடித்தாள்.

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? "போன்ல எழுத்து சின்னதா இருக்குன்னேன், சின்னவ ஒரு நிமிஷத்துல பெருசாக்கிட்டா. உன்கிட்ட கேட்டா ஏன் சின்னதா இருக்குன்னு ஆராய்ச்சி பண்ணுவ" என்றாள் மாமியார். பொய்யும் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

இந்த நேரம் பார்த்துக் குழுத் தலைவி பதவி காலியானது. அது வரிசையம்மாவுக்குத்தான் என்று சுவரைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் மேலாளர், "பார்சல் கிடங்குக்காரங்க வந்து பார்த்துட்டுப் போகட்டும், மறுநாள் சொல்றேன்" என்று இழுத்தார். கிடங்குக்காரர்களுக்கான தேடல் பக்கத்தைச் செய்தது சின்னவள். பார்சல் எண்ணைத் தட்டினால் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அது சொல்லும். எண்களை முதலில் வரிசையாக்கிக்கொண்டு, நடுவில் பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளிவிட்டு, மிச்சத்தின் நடுவில் பார்த்து, அப்படியே நெருங்கிப் பிடிக்கிற பழைய வழிதான்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள், சின்னவள் எழுந்து போன நேரம் பார்த்துப் பெரியவள் அந்தப் பக்கத்தைத் தட்டிப் பார்த்தாள். 998, இருக்கிறது. 999, இருக்கிறது. 1000 என்று தட்டினாள். இல்லை என்றது.

அவளுக்குக் குப்பென்று வியர்த்தது, சந்தோஷத்தில். உள்ளே திறந்து பார்க்கவே வேண்டாம், காரணம் தெரியும். அந்த ரெடிமேட் சார்ட் எண்களையும் சொற்களைப் போல முதல் எழுத்தை வைத்துத்தான் அடுக்கும். எல்லாம் மூன்று இலக்கமாக இருக்கும்வரை வண்டி ஓடும். ஆயிரம் வந்ததும், ஒன்றில் தொடங்குகிறது என்று அதைக் கொண்டுபோய் 998க்கு முன்னால் உட்கார்த்திவிடும். அப்புறம் பெரிய எண்ணாயிற்றே என்று பின்னால் தேடினால் எப்படிக் கிடைக்கும்? 'விரலால எழுதினா இப்படித்தான்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சின்னவளிடம் மூச்சுவிடவில்லை.

மறுநாள் கிடங்குக்காரர்கள் வந்தார்கள். சின்னவள் காட்டினாள், அவர்கள் தலையாட்டினார்கள், மேலாளர் முகம் மலர்ந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து தேன் ஒழுகும் குரலில், "ஆயிரமாவது பார்சலைத் தேடிப் பாரேன்மா" என்றாள் வரிசையம்மா.

இல்லை என்றது திரை. கிடங்குக்காரர், "நேத்து நானே அலமாரில வச்சேனேங்க" என்றார். சின்னவளின் கை நின்றது. எதையோ திறந்து ஒரு வரியைப் படித்தாள். திரும்பி அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். படித்ததை மூடிவிட்டு, "என் தப்புதான் சார். நான் பார்த்திருக்கணும். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுறேன்" என்றாள்.

அந்தப் பார்வை வரிசையம்மாவை உறுத்தியது. சரிசெய்யும் வேலை முடிந்து எல்லோரும் டீக்குப் போனதும், சின்னவளின் திருத்தாத பழைய நிரலைத் திறந்தாள். சின்னவள் ரெடிமேட் சார்ட்டைத் தொடவே இல்லை. பொதுத் தொகுப்பிலிருந்து 'அடுக்கு' என்ற சின்ன உதவி நிரலை அழைத்திருந்தாள். பெரிய வழிமுறைகளை எல்லாம் பார்த்துப் பார்த்து எழுதிய கை, ஏதோ ஓர் அவசரத்தில் அதை மட்டும் ரெடிமேட் சார்ட்டை வைத்து ஒரே வரியில் முடித்திருந்தது. மேலே எழுதியவர் பெயர் இருந்தது. வரிசையம்மாவின் சொந்தப் பெயர்.

ஆக, சின்னவளுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் முன்னால் பெயரைச் சொல்லாமல், தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வெட்கத்தை முந்திக்கொண்டு வந்தது பழைய எரிச்சலேதான். வேகம் அவளுக்கு, மாமியார் அவளுக்கு, மேலாளர் அவளுக்கு. இப்போது பெருந்தன்மையும் அவளுக்கா? அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

காலையில் மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டார். "நேத்து ஒரு சறுக்கல் நடந்துச்சு, அதனால தலைமைப் பொறுப்பை..." என்று வரிசையம்மா பக்கம் திரும்பினார். கை நீட்டினால் பதவி.

"சார், நேத்து தப்பு அவளோடது இல்ல" என்று எழுந்தாள். "அந்த அடுக்கு நான் எழுதினது. ஆயிரம் வந்தா உடையும்னு முந்தின நாளே எனக்குத் தெரியும். சொல்லல."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், பொறுப்பைச் சின்னவளுக்குக் கொடுத்தார்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை அக்காவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, "நான்தான் சமாளிச்சிட்டேனே, எதுக்குக்கா எழுந்து சொன்னீங்க?" என்று கேட்டாள் சின்னவள். "உங்களோடதாச்சே, அதைப் போய் என்ன சோதிக்கிறதுன்னு நான் விட்டது தப்புதானே?"

வரிசையம்மா வெளியே பார்த்தபடி, "பொறாமையிலதான்டி சொன்னேன். நல்லவங்கிற பேரையும் நீயே தட்டிட்டுப் போயிடுவியேன்னு" என்றாள். அவள் வாழ்க்கையில் இவ்வளவு உண்மையாக எதையும் சொன்னதில்லை.

சின்னவள் அதை ஜோக் என்று நினைத்து, அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டு சிரி சிரியென்று சிரித்தாள். அந்தச் சிரிப்புகூட அவளுக்கு எவ்வளவு நன்றாக வருகிறது என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள் பெரியவள்.