தேசிக்காயில் தெரிந்த பாதி நிலா

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக வரும். சொல்ல வந்ததும் பாதியில் மறந்துபோகும். பொறுத்துக்கொள்ளுங்கள். மெல்போர்னில் பிறை நேராகக் கிடப்பதில்லை. மருதமுனையில் கடலுக்கு முதுகைக் காட்டி, வயல் பக்கம் பிறை தேடுவோம். தோணிபோல மல்லாந்து கிடக்கும். இங்கே அது இடப்பக்கம் வெளிச்சமாகச் சரிந்து நிற்கிறது. இதைப் போனில், ஊரிலிருக்கும் கூடப்பிறந்த மூத்தவ லாத்தாவிடம் சொன்னது என் பிழை. என் கணவர் இங்கே மௌத்தாகி, இங்கேயே அடக்கப்பட்டதை அவ இன்னும் ஏற்கவில்லை.

“பிறைகூட ஒழுங்காக் கிடக்காத ஊர்ல மச்சான விட்டுட்டியேடி! அது வேற நிலாவோ என்னவோ.”

அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. அவரை அடக்கிய கபுறுக்கு மேலே நிற்பது நம்முடைய நிலாதானா?

சில நாள் கழித்து, பின்னேரம் உடுப்புக் காயப்போடும்போது, வெயிலோடு வெயிலாகப் பாதி நிலா நின்றது. வேலிக்கு அப்பால் நின்ற வெள்ளைக்காரக் கிழவரிடம் கூச்சத்தோடு கையைக் காட்டி, “மூன்... ஹாஃப்... ஒய்?” என்றேன். அவர் கொடிக்கம்பி தொய்ந்துவிட்டது என்று நினைத்து அதை இழுத்துக் கட்டினார். பிறகு விளங்கிச் சிரித்து, தன் நாயின் வாயிலிருந்த பந்தை எடுத்து நிலாவுக்கு நேரே பிடித்துக் காட்டி, என்னிடம் நீட்டினார். நான் பின்வாங்க, “நோ பைட், நோ பைட்” என்றார். நாய் எச்சிலில் நமக்குள்ள சங்கடத்தை அவருக்கு எப்படிச் சொல்ல? நம் மரத்துத் தேசிக்காயை, இங்கே லெமன் என்பதை, பிடுங்கி, அவர் காட்டியபடி நிலாவுக்கு நேரே பிடித்தேன்.

தேசிக்காயும் பாதிதான்! அதே இடப்பக்கம் வெளிச்சம். சூரியன் பக்கம் கொண்டுபோனால் கீற்றானது. சூரியனுக்கு முதுகு காட்டித் தலைக்கு மேலே தூக்கினால் முழுசானது. காய் தேயவுமில்லை, வளரவுமில்லை. எப்போதும் பாதியில் வெயில் பட்டபடியே இருந்தது. எனக்குத் தெரிந்த பக்கம்தான் மாறியது. சுப்ஹானல்லாஹ், இத்தனை வயதுவரை நிழல்தான் நிலாவைத் தின்னுகிறது என்றிருந்தேன்.

அன்றிரவு இஷா தொழுதுவிட்டு லாத்தாவுக்குப் போன் எடுத்தேன். அங்கே அஸர் நேரம், வெயில் இன்னும் இறங்கவில்லை. முற்றத்தில் நின்று தேசிக்காயை நிலாவுக்கு நேரே பிடிக்கச் சொன்னேன்.

“உனக்கென்ன பைத்தியமா?” என்றவ, கொஞ்ச நேரத்தில் கத்தினா. “அல்லாஹ்வே! காயும் பாதிதான்டி!”

பிறகு மெதுவாகக் கேட்டா, “மச்சான்ட கபுறுக்கு மேலயும் இதுதானா?”

“ஓம் லாத்தா. இதேதான்.”

என் முற்றம் இருட்டு. சூரியன் அவவிடம் இருந்தது. நிலா இருவருக்கும் இருந்தது. அவர் கபுறுக்கு மேலே நின்ற வெளிச்சப் பாதி, மருதமுனையில் எரியும் வெயிலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

இதெல்லாம் சரிதானா என்று படித்த பிள்ளைகள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். பிழையென்றால் எனக்கு மட்டும் சொல்லுங்கள், லாத்தாவுக்கு வேண்டாம்.