ஓட்டை போட மனசு வராத பெயிண்டர்

கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் பெயிண்டர்தான். பெயர் யாருக்கும் நினைவில்லை. முட்டி தேய்ந்துவிட்டது, இனி ஏணிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொன்ன பிறகு மனிதர் வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். சமையலறைச் சுவருக்கு அடித்தார், கதவுக்கு அடித்தார், கடைசியில் அரிசி டின்னுக்கும் பெயிண்ட் அடித்தபோது அவர் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"நாளைக்கு எனக்கும் ஒரு கோட் அடிப்பீங்க. பேசாம என் தம்பி கடைக்குப் போய் கல்லாவுல உட்காருங்க."

அந்தத் தம்பி ஹார்டுவேர் கடைக்காரர். தங்கமான மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. நாள் முழுக்க அவர் பேச்சைக் கேட்பதற்கு ஏணியிலிருந்து விழுந்தே தொலையலாம் என்பது பெயிண்டரின் கட்சி. வெளியே சொல்லாத பயம் வேறு இருந்தது. கல்லாவில் போய் உட்கார்ந்துவிட்டால், தன் கையால் இனி ஒன்றும் ஆகாது என்றுதானே அர்த்தம்?

"பால்கனியைக் குடு. செடி பீன்ஸ் போடுறேன். கொடியா ஏறுற ரகம் இல்ல, முழங்கால் உயரம்தான். வாளியிலயே வளரும்."

பால்கனி துணி காயப்போடும் இடம். மனைவி யோசித்தார். "ஒரு வேளை சமைக்கிற அளவுக்குக் காய் வந்தா பால்கனி உங்களுக்கு. வரலைன்னா நீங்க கடைக்கு."

கட்டிலுக்கடியில் காலிப் பெயிண்ட் வாளிகள் கிடந்தன. சுரண்டி, பளபளவென்று கழுவி, மண்ணும் எருவும் கலந்து நிரப்பி விதை ஊன்றினார். அடியில் விரிசல் விட்ட வாளி ஒன்றும் இருந்தது. அதை வெளியே காட்டவே அவருக்கு வெட்கம். மிஞ்சிய விதையை அதில் போட்டு மூலையில் ஒளித்து வைத்தார். முளை விட்டதும் மாடி மாடியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. தண்ணீரையும் பாசத்தோடு ஊற்றினார்.

கொஞ்ச நாளில் இலையெல்லாம் மஞ்சளாகித் தண்டு துவண்டது. மண்ணில் ஒரு கெட்ட வாடை. பார்க்க வந்த மச்சினன், "மாமா, கடையில உங்களுக்குன்னே மெத்தை வச்ச நாற்காலி வாங்கிப் போட்டுட்டேன்," என்றார். பெயிண்டருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மனைவிதான் மூலையைக் கவனித்தார். விரிசல் வாளிச் செடி மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது.

"ஏங்க, மத்த வாளிக்கெல்லாம் அடியில ஓட்டை போட்டீங்களா இல்லையா?"

"நல்ல வாளிக்கு யாராவது ஓட்டை போடுவாங்களா?"

பாவம், நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். ஒழுகும் வாளியோடு என் முகத்தில் முழிக்காதே என்று கூட வேலை செய்தவர்களை ஆயுசு பூராவும் விரட்டியவர் ஆயிற்றே. தண்ணீர் வடிய வழியில்லாமல்தான் வேர் அழுகிவிட்டது என்று மண்டையில் ஏறிய பிறகும் மனசு ஒப்பவில்லை. கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். முதலில் கைக்கு வந்தது, கல்யாணத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்கு அவரே அடித்த பெயிண்டின் வாளி.

"நான் போடட்டுமா?" என்றார் மனைவி, அதே வாளியைப் பார்த்தபடி.

"வேண்டாம், நானே."

கண்ணை மூடிக்கொண்டு குத்தினார். மற்றவற்றைக் குத்த அவ்வளவு கஷ்டமாக இல்லை.

மறுபடி விதைத்தார். இந்தத் தடவை ஊற்றிய தண்ணீர் அடியில் சொட்டுவதைக் குனிந்து குனிந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார். பூ வந்தது, பிஞ்சு வந்தது, ஒரு பாத்திரம் நிறையக் காயும் வந்தது. மச்சினனைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். தட்டு காலியாகும் வரை மனிதர் வாயே திறக்கவில்லை. பெயிண்டருக்கு அதுவே பெரிய பரிசு.

"அப்ப அந்த நாற்காலியை என்ன பண்றது, மாமா?"

"இங்க அனுப்பிடு. பால்கனியில போட்டுக்கறேன்."

மனைவி தட்டை எடுத்துக்கொண்டே தம்பியிடம் சொன்னார்: "ரெண்டா அனுப்புடா. துணியை நான் உள்ளயே காயப்போட்டுக்கறேன்."