நாத்தனார் வந்த நாளில் மௌன விரதம்

போன சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் பேசுவதை நிறுத்தினேன்.

ஏழு மணிக்கு என் வீட்டுக்காரர் பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டார். "பாப்பா, அம்மா ஒரு மணி நேரமா யாரையும் திட்டல. பிரஷர் மாத்திரை ஏதும் மாத்தி அனுப்புனியா?" என்று கேட்டார். அதுவும் ஸ்பீக்கரில்! மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பதில் எனக்கு நாக்கு நுனி வரை வந்தது... முழுங்கிவிட்டேன்.

காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மௌன விரதம். புத்தர் வகுப்பில் கொடுத்த வீட்டுப்பாடம். தவக்காலத்தில் கறியை விட்டிருக்கிறேன், காபியை விட்டிருக்கிறேன். பேச்சை விட்டது இதுதான் முதல் தடவை.

திண்டுக்கல்லில் ஒரு கத்தோலிக்க டீச்சர் வீட்டுக்குள் புத்தர் எப்படி வந்தார் என்றுதானே கேட்கிறீர்கள்? மகள் வழியாகத்தான். எனக்கு பிரஷர் ஏறிப்போச்சு என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே, என்னைக் கேட்காமல் ஓர் ஆன்லைன் வகுப்பில் சேர்த்துவிட்டாள். ஞாயிறுதோறும் சாயங்காலம் ஒரு மணி நேரம். பாடம் எடுக்கும் ஐயா அவ்வளவு மெதுவாகப் பேசுவார். முதல் நாள் என் போனில்தான் கோளாறு என்று நினைத்து வால்யூம் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

"வாழ்க்கையில் துக்கம் உண்டு" என்று ஆரம்பித்தார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாச்சு... இதற்கு ஒரு வகுப்பா?

நான் சமூக அறிவியல் டீச்சர். 'ஆசையே துன்பத்திற்குக் காரணம் என்று கூறியவர் யார்?' — ஒரு மார்க் கேள்வி. கோடிட்ட இடத்தில் புத்தர் என்று இருந்தால் டிக் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவேன். அந்த வரியை எனக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

இரண்டாவது வாரம் நல்ல பேச்சு பற்றிப் பாடம். வாயைத் திறப்பதற்கு முன்னால் நாலு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டுமாம். உண்மையா? பயன் உண்டா? அன்பு இருக்கிறதா? இதுதான் நேரமா? திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் முயன்று பார்த்தேன். மதிய இடைவேளை முழுக்கப் பேசுவதற்கு எனக்கு ஒரு வார்த்தைகூடத் தேறவில்லை. சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

மூன்றாவது வாரம் கோபம். அதை அடக்கவும் கூடாது, கொட்டவும் கூடாது. வருகிறது... வருகிறது... என்று பார்த்துக்கொண்டே போக விட்டுவிட வேண்டும். ஸ்டாப்பில் நின்றுகொண்டு நம் ஊருக்குப் போகாத பஸ்ஸைப் பார்ப்போமே, அந்த மாதிரி. சரிதான், ஆனால் இத்தனை வருஷமாக அந்த பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தவளே நான்தானே?

விடவில்லை. கோபம் வந்தால் மூச்சை எண்ணிவிட்டு லேசாகச் சிரிக்கப் பழகினேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார் என் வீட்டுக்காரர். "இந்தா, நீ கத்துனா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுரும். இந்தச் சிரிப்பு எப்ப முடியும்னே தெரிய மாட்டேங்குது. எனக்குச் சோறு, வெஞ்சனம் எதுவும் இறங்கல" என்றார். அதற்கும் சிரித்தேன். தட்டோடு எழுந்து டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

சரி, உங்களிடம் மறைப்பானேன்? மகள் என்னைச் சேர்த்துவிட்டது பிரஷருக்காக மட்டுமில்லை. பிலோமிக்காகவும்தான்.

பிலோமி என் நாத்தனார். வீட்டுக்காரரின் ஒரே தங்கை. இதே ஊரில், நாகல் நகரில் இருக்கிறாள். ஆறு மாதத்துக்கு முன்னால் எங்கள் புது மாடி வீட்டு மந்திரிப்புக்கு, அதாவது கிரகப்பிரவேசத்துக்கு, வந்தாள். சாமியார் ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து, பந்தியும் போட்டாகிவிட்டது. மட்டன் பிரியாணி. இரண்டு கவளம்தான் வாயில் வைத்திருப்பாள்... "மதினி, உப்பு செத்த கம்மி" என்றாள்.

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு சீரகச் சம்பா பிரியாணியைக் குறை சொல்வது என்றால் சும்மாவா? அதுவும் வீட்டுக்காரி பரிமாறிக்கொண்டிருக்கும்போது? எனக்குச் சுர்ரென்று வந்தது. "உங்க வீட்ல ரசம் வைக்கவே பக்கத்து வீட்டு ஆளக் கூப்பிடணும். நீ பிரியாணிக்கு மார்க் போட வந்துட்டியாக்கும்?" என்றேன். பந்தியில் நாற்பது பேர். நாற்பது பேரும் சிரித்துவிட்டார்கள். பிலோமி இலையை மூடிவிட்டு எழுந்து போனாள்.

அன்றோடு பேச்சு நின்றது. கோயிலில் அவள் இடது பக்கம், நான் வலது பக்கம். பூசையில், பக்கத்திலிருப்பவர்களுக்குச் சமாதானம் சொல்லச் சொல்வார்கள் இல்லையா? ஒருநாள் அவள் எனக்கு நேர் பின்னால் நின்றாள். நான் திரும்பி, தூணுக்கு வணக்கம் வைத்தேன். சத்தியமாக!

இதற்கு நடுவில் பிலோமி மகள் நான்சிக்கு மாப்பிள்ளை அமைந்தது. எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று. முதல் ஓலை வாசித்த அன்று என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். தாய்மாமன் வீட்டுக்குத்தான் முதல் பத்திரிகை வர வேண்டும். ஓலையே வாசித்தாகிவிட்டது, பத்திரிகை வரவில்லை. நான்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த மனுஷன் அவர். வீட்டுக்கு வந்தும் என்னிடம் ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் இந்த மௌன விரதம்.

பதினோரு மணி. வீட்டுக்காரர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். கேட் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் — பிலோமி! கையில் தாம்பாளம். அதில் ஆயக்குடிக் கொய்யா, வெற்றிலை பாக்கு, மேலே கல்யாணப் பத்திரிகை.

வரக் கூடிய நாளா இது?

"மதினி... நல்லாருக்கீங்களா?" என்றாள்.

தலையாட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். ஒரு தாளை எடுத்து, 'இன்று மௌன விரதம். மாலை ஆறுக்கு மேல் பேசுவேன்' என்று கொட்டை எழுத்தில் எழுதி நீட்டினேன்.

மகராசி கண்ணாடி கொண்டுவரவில்லை. தாளைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தாள், கிட்டக் கொண்டுவந்தாள், ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. அவள் முகம் சுருங்கிப் போனது.

"என்ன மதினி, எழுதியே குடுத்துட்டீங்க? வாயால திட்டுறதுக்குக்கூட நான் ஆகாதவளாப் போயிட்டனா?"

ஐயோ! பதறிப்போய் என் வாயைத் தொட்டுக் காட்டினேன். இல்லை என்று கையை ஆட்டினேன். ஆறு விரலைக் காட்டினேன்.

"ஆமா, என் வாய்தான். போயிர்றேன். ஆறு மாசம் ஆச்சுங்கிறீங்க, அதுவும் தெரியும்."

மூச்சை எண்ணினேன். வகுப்பில் பழகிய அந்தச் சிரிப்பு தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

"சிரிக்க வேற செய்றீங்க" என்றாள்.

தாம்பாளத்தை மேசையில் வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் வரை போனாள். அங்கிருந்து, திரும்பாமலே சொன்னாள்: "அண்ணனை மட்டுமாவது அனுப்பி வைங்க. அத்தை எங்கன்னு நான்சி கேட்டா, உங்களுக்கு உடம்புக்கு முடியலன்னு சொல்லிக்கிறேன். யாரும் உங்களத் தப்பா நினைக்க மாட்டாங்க."

அவள் சொல்லப்போவது பொய்தான். நாலு கேள்வியில் முதல் கேள்வியிலேயே ஃபெயில். ஆனால் யாருக்காக அந்தப் பொய்? நாற்பது பேரைத் தன்னைப் பார்த்துச் சிரிக்க வைத்தவளை நாலு பேர் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்பதற்காக. வகுப்புக்குப் போகாதவள் அவள். மூச்சை எண்ணிக்கொண்டு, வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டு, ஒரு பெண்ணை அழவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பவள் நான். இதற்குப் பேரா விரதம்?

"ஏ பிலோமி! அப்படியே நில்லு! காபி குடிக்காம வாசலத் தாண்டுனே... காலை ஒடிச்சிருவேன்!"

ஐந்து மணி நேரம் அடைத்து வைத்த குரல். தெருவே திரும்பிப் பார்த்தது. முக்கில் நின்ற ஆட்டோவுக்குள்ளிருந்து ஒருவர் பதறியடித்துக் குதித்தார். யார் என்று பார்த்தால், பிலோமியின் வீட்டுக்காரர்! உன் மதினி மனசு எப்படி இருக்கிறதென்று தெரிந்துகொண்டு கூப்பிடு, அதுவரை இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லி ஆட்டோவிலேயே பதுங்கியிருக்கிறார்.

பிலோமி திரும்பினாள். அழுதுகொண்டே சிரித்தாள். "அப்பாடா! பேசிட்டீங்களா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன் மதினி."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அம்புட்டுப் பேர் முன்னாடி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது பிலோமி. தப்பு என் மேலதான். மனசுல வச்சுக்காத."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மதினி. ஆனா அன்னைக்கு உப்பு நெசமாவே கம்மிதான்."

"எனக்குத் தெரியாதா? நானும் அதைத்தானே தின்னேன்!"

மார்க்கெட்டிலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே பொண்டாட்டியும் தங்கச்சியும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தோம். பையைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் ஒரு காபி" என்றார். மறுநாள் கோயிலில் இரண்டாவது ஓலை வாசித்தபோது, 'நான்தான் தாய்மாமன்' என்று எழுதி ஒட்டாத குறை... அப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் வகுப்பு. பன்னிரண்டு மணி நேரம் மௌனமாக இருந்தவர்கள் கை தூக்கலாம் என்றார் ஐயா. எல்லாரும் தூக்கினார்கள். நான் மட்டும் தூக்கவில்லை. ஏன் என்று கேட்டார். நாத்தனார் வீட்டுக்கு வந்துவிட்டாள், பேசிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன்.

மதுரைக்காரம்மா ஒருத்தர் மைக்கை ஆன் பண்ணினார். "என்னக்கா நீங்க! நாத்தனார் வந்தா பேசாம இருக்கிறதுதானே ரொம்பச் சுலபம்? அதுக்குப் போயி விரதத்த முறிச்சுப்புட்டீங்களே?"

"அந்த விரதத்த ஆறு மாசமா இருந்து பாத்துட்டேன்மா. நேத்து முறிச்சது அதைத்தான்" என்றேன்.